அஹுபுவாஅ: கல்மேட்டில் வைத்த பன்றி

ஹவாயித் தீவுகளின் பழைய வேளாண்மையைப் பற்றி யார் எழுதினாலும் முதல் பக்கத்திலேயே வந்து நிற்கும் சொல் அஹுபுவாஅ. மலைமுகட்டில் தொடங்கி, காடு, மேட்டுப் புன்செய், ஓடையோர நன்செய், குடியிருப்பு, கடற்கரை என்று இறங்கி, கடலில் பவளத்திட்டு வரைக்கும் நீளும் நிலப்பகுதிக்கு அது பெயர். தமிழில் எழுதிப் பார்த்தால் ஈற்று அகரம் அளபெடை போலத் தெரியும். அளபெடை அன்று. ஆகாரத்துக்கும் அகரத்துக்கும் நடுவே தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். அந்த அடைப்பை ஹவாய் மொழியினர் ஓர் எழுத்தாகவே எண்ணுகிறார்கள். முன்பு ஒரு மெய்யெழுத்து இருந்து மறைந்த இடம் அது. அந்த மெய் எது என்பதற்குச் சற்றுப் பிறகு வருவோம்.

இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் ஹவாய்ப் பள்ளிப் பிள்ளைகளின் மனத்தில் எழுவது ஒரு வண்ணப்படம். மேலே மேகம் தங்கும் மலை, நடுவே பாத்தி கட்டிய சேம்பு வயல், கீழே கல்லால் அணைத்த மீன்குளம், அதற்கப்பால் கடல். மலையில் இருப்பவர் மரமும் நாரும் கொடுக்க, கடலோரத்தார் மீனும் உப்பும் கொடுக்க, நடுவில் ஓடும் நீரை எல்லாரும் பங்கிட்டு வாழ்ந்தார்கள் என்று அந்தப் படம் சொல்கிறது. சூழலோடு இசைந்து வாழ்வதற்கு முன்மாதிரி என்று உலகெங்கும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். படத்தில் பொய் இல்லை. ஆனால் படம் வரைந்தவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். அவர்கள் விட்டது பெயருக்குள்ளேயே இருக்கிறது.

பெயரில் மலை இல்லை, நீர் இல்லை, கடலும் இல்லை. அஹு என்றால் கற்குவியல், கல்மேடு, பலிமேடை. புவாஅ என்றால் பன்றி. மேரி கவேனா புக்குயியும் சாமுவேல் எல்பர்ட்டும் தொகுத்த ஹவாய் அகராதி இந்தப் பெயருக்கு இரண்டு விளக்கங்களை அருகருகே வைக்கிறது. எல்லையில் கற்களைக் குவித்து அதன்மேல் பன்றியுருவம் வைத்ததால் வந்த பெயர் என்பது ஒன்று. தலைவனுக்குரிய திறையாகப் பன்றியையோ வேறு பொருளையோ அந்த மேடையில் வைத்ததால் வந்த பெயர் என்பது மற்றொன்று. இரண்டில் எதை எடுத்தாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். விளைந்த இடத்தை வைத்து இந்த நிலத்துக்குப் பெயர் வரவில்லை. விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுபோய் இறக்கிய இடத்தை வைத்து வந்திருக்கிறது. கடந்த அரை நூற்றாண்டில் அகழாய்வாளர்கள் மண்ணிலும் கல்லிலும் தேடிக் கண்டதும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. சொல்லையும் மண்ணையும் சேர்த்துப் படித்தால்தான் அஹுபுவாஅ முழுதாகத் தெரியும் என்பது என் துணிபு.

கூட்டுச்சொல்லின் இரண்டு உறுப்புகளும் ஹவாயை விடப் பழையவை. தொங்காவில் பன்றிக்கு இன்றும் புவாக்கா என்றே பெயர். சமோவாவிலும் தாஹித்தியிலும் நடுவிலிருந்த ககரம் தேய்ந்து புவாஅ ஆயிற்று. ஹவாயிலும் அதுவே நடந்தது. தொண்டை அடைத்துத் திறக்கிறது என்றேனே, அது இந்தக் ககரம் விட்டுப்போன தடம். ஹவாய் மொழியில் பழைய ககரம் இப்படி மறைய, பழைய தகரம் ககரமாகிவிட்டது. கண்ணைக் குறிக்கும் பழஞ்சொல் மத்தா, ஹவாயில் மக்கா. இந்த ஒலிமாற்றங்கள் ஒழுங்காக நடந்திருப்பதால்தான் பாலினேசிய மொழிகளை அருகருகே வைத்து, மூதாதையர் என்ன பேசினார்கள், அவர்களிடம் என்னென்ன இருந்தன என்று மீட்டெடுக்க முடிகிறது. தொல்லியலாளர்கள் பேட்ரிக் கிர்ச்சும் ரோஜர் கிரீனும் 2001இல் வெளியிட்ட ‘ஹவாய்க்கி’ என்ற நூல் முழுக்க இந்த முறையில் எழுந்தது. சொல்லை ஒரு பக்கமும் தோண்டியெடுத்த பொருளை ஒரு பக்கமும் வைத்து, ஒன்றுக்கு மற்றொன்றைச் சாட்சியாக்கும் முறை அது.

அஹுவின் பயணம் இன்னும் சுவையானது. ஈஸ்டர் தீவின் பெருஞ்சிலைகள் நிற்கின்றனவே, அவற்றைத் தாங்கும் கல்மேடைக்குப் பெயர் அஹு. தாஹித்தியில் வழிபாட்டு முற்றத்தின் ஒரு தலைப்பில் படிப்படியாக உயரும் மேடைக்கும் அஹு என்றே பெயர். நியூசிலாந்து மாவோரிகளிடம் அது குவித்தல், மேடாக்குதல் என்ற பொருளில் வழங்குகிறது. ஆக, கல்லைக் குவிப்பது, குவித்த இடத்தைத் தெய்வத்துக்கு உரியதாக்குவது என்ற இரண்டு பொருளும் பாலினேசியாவின் பல தீவுகளில் இந்த ஒரே சொல்லில் தங்கியிருக்கின்றன. ஈஸ்டர் தீவுக்குப் பன்றி போய்ச் சேரவே இல்லை. அங்கே அஹு உண்டு, பன்றி இல்லை. பல தீவுகளில் இரண்டும் உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரு நிலப்பிரிவுக்குப் பெயராக்கியது ஹவாய்தான்.

பெயர் ஹவாய்க்கே உரியது என்றாலும் பொருள் அப்படி இல்லை. எரிமலைத் தீவு என்பது நடுவில் உயர்ந்து நாலா பக்கமும் சரிவது. ஓடைகள் உச்சியிலிருந்து கடலுக்கு ஓடுகின்றன. முகட்டிலிருந்து கடலுக்குக் கோடு கிழித்துப் பிரித்தால் ஒவ்வொரு பங்கிலும் எல்லா வகை நிலமும் கொஞ்சம் கொஞ்சம் வந்துவிடும். ராரோதொங்காத் தீவில் இத்தகைய ஆப்பு வடிவ நிலத்துக்குத் தப்பேரே என்று பெயர். அங்கே ஒரு தப்பேரே ஒரு குலத்தின் நிலம். இதை நினைவில் வைத்துக்கொண்டு ஹவாய்க்குத் திரும்பினால்தான் அங்கே நடந்த மாற்றத்தின் அளவு புரியும்.

அந்த மாற்றம் உறைந்து கிடப்பது வேறொரு சொல்லில். ஹவாயில் குடிமக்களுக்கு மக்கஆயினனா என்று பெயர். தலைவர்கள் அலிஇ, உழைப்பவர்கள் மக்கஆயினனா. நிலத்தைக் கவனிக்கும் மக்கள் என்று ஹவாய் மொழியினர் இதைப் பிரித்துப் பொருள் சொல்வார்கள். ஆனால் ஒலிமாற்றங்களை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே காயினங்கா என்ற பழஞ்சொல் இருக்கிறது. திக்கோப்பியாத் தீவில் இன்றும் காயினங்கா என்றால் குலம். ஒரு மூதாதையின் வழிவந்தவர்கள், ஒரு தலைவன் கீழ் நிற்பவர்கள். மார்க்கெசாசில் இதன் உறவுச்சொல் குலக்கூட்டத்தைக் குறிக்கிறது. பாலினேசியத் தீவுகள் பலவற்றில் நிலம் குலத்துக்குச் சொந்தம். குலத்தில் பிறந்தவனுக்கு நிலத்தில் உரிமை. ஹவாயிலோ அந்தக் குலப்பெயர் தரையிறங்கி, குலமரபைச் சொல்லிக்கொள்ளும் தகுதியற்ற வெறும் குடிகளின் பெயராகிவிட்டது. அரிய பரம்பரைப் பாடல்களை நினைவில் காக்கும் உரிமை தலைவர் வீட்டாரிடம் போனது. பொதுமக்கள் பாட்டன் பூட்டனுக்கு மேல் வரிசை சொல்வது வழக்கொழிந்தது. ‘தலைவர்கள் மன்னர்களான கதை’ என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்பில் கிர்ச் 2010இல் எழுதிய நூலின் வாதத்தில் இந்தச் சொல்மாற்றத்துக்கும் இடம் உண்டு. என்னைக் கேட்டால், ஹவாயில் அரசு தோன்றியதற்கு இதைவிட வலுவான சாட்சி எந்தக் குழியிலும் கிடைக்கவில்லை.

குலம் போன இடத்தில் என்ன வந்தது? அஹுபுவாஅ வந்தது. ஒரு தீவு சில பெரும்பிரிவுகளாகப் பிரிந்தது, ஒவ்வொன்றும் மோக்கு. மோக்குவுக்குள் அஹுபுவாஅக்கள். அதற்குள் இலி என்ற சிறுபிரிவுகள், அதற்கும் கீழே வீட்டுக்குரிய வயல் துண்டுகள். மோக்குவை ஆளும் தலைவனுக்கு ‘மோக்குவை உண்பவன்’ என்று பட்டம். அஹுபுவாஅவைப் பெற்றவன் ‘அஹுபுவாஅவை உண்பவன்’. ஹவாய் மொழியில் உண்பதற்கும் ஆள்வதற்கும் சொல் ஒன்றே. தலைவனுக்காக நிலத்தைப் பார்த்துக்கொண்டு, நீர்ப் பங்கீட்டையும் மீன்பிடிப்பையும் வேலையையும் ஏவிய அதிகாரி கோனோஹிக்கி. ஒரு மன்னன் இறந்தாலோ தோற்றாலோ புதியவன் நிலத்தை மறுபடி தன் ஆட்களுக்குப் பங்கிடுவான். அந்தச் சடங்குக்குக் காலாய்ஆயினா என்று பெயர், நிலத்தைச் செதுக்குதல். மேலே உண்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கீழே சேம்பு நட்டவர்கள் பெரும்பாலும் அதே வயலில் நின்றார்கள்.

பன்றி கல்மேட்டுக்கு வந்த நாளை டேவிட் மாலோ எழுதி வைத்திருக்கிறார். பழைய ஆட்சியில் பிறந்து வளர்ந்து, பிறகு கிறித்தவராகி, தம் மக்களின் வழக்கங்களைத் தம் மொழியிலேயே எழுதியவர் அவர். 1853இல் இறந்தார். ஆண்டின் கடைசியில், நாம் கார்த்திகை என்று சொல்லும் மீன்கூட்டம் சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழும்போது மக்கஹிக்கி தொடங்கும். அந்த மீன்கூட்டம் அவர்களுக்கு மக்கலிஇ, மாவோரிகளுக்கு மத்தாரிக்கி. ஏறக்குறைய நான்கு மாதம் போர் கூடாது. மழைக்கும் விளைச்சலுக்கும் உரிய லோனோ தெய்வம் தீவைச் சுற்றி வரும். நீண்ட கழியின் தலையில் ஒரு சிறு முகம். அதன் கீழே குறுக்குக் கொம்பு. அதிலிருந்து தொங்கும் வெள்ளை மரப்பட்டைத் துணி, கடற்பறவைத் தோல், பெரணி மாலை. கடல் இடக்கையிலும் நிலம் வலக்கையிலும் இருக்கும்படி ஊர்வலம் ஒவ்வொரு அஹுபுவாஅ எல்லையிலும் வந்து நிற்கும். அங்கே கல்மேடு. அதன்மேல் குக்குயி மரக்கட்டையில் செதுக்கிய பன்றியுருவம். அதற்குச் செம்மண் பூச்சு. குக்குயி, கொட்டையில் எண்ணெய் தரும் மரம். பன்றித் தெய்வமான கமபுவாஅ எடுக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று என்பது நம்பிக்கை; கமபுவாஅ லோனோவுக்கு உரியவன். ஆக, மரத்தைச் செதுக்கி வைத்தாலும் அது பன்றிதான். அகராதியின் இரண்டு விளக்கங்களும் இந்த ஒரு மேடையில் பிரிக்க முடியாமல் கலந்துவிடுகின்றன.

மேட்டின் பக்கத்தில் திறை குவியும். நாய், பன்றி, மரப்பட்டைத் துணி, பறவைச் சிறகு, சேம்புக் கிழங்கை வேகவைத்து இடித்த கெட்டி மாவு, சர்க்கரைவள்ளி, கருவாடு. தெய்வம் வருவதற்கு முன்பே கோனோஹிக்கி அதைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். போதுமானது சேர்ந்திருந்தால் பூசகர் வாழ்த்திவிட்டு அடுத்த எல்லைக்கு நகர்வார். சேரவில்லை என்றால் தெய்வத்தோடு வந்தவர்கள் அந்த நிலத்தைச் சூறையாடலாம். குவிந்த பன்றியை உண்ணும் உரிமையும் எல்லாருக்கும் இல்லை. அன்றைய கட்டுப்பாட்டில் பெண்கள் பன்றி இறைச்சியைத் தொடவே கூடாது. வளர்த்தவர்களில் பாதிப்பேர் உண்ண முடியாத உணவு அது என்பதை அந்த வண்ணப்படத்தோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

1779 ஜனவரியில் கேப்டன் குக் கேயலகேக்குவா விரிகுடாவில் நங்கூரமிட்டது இந்த மக்கஹிக்கிக் காலத்தில். அடுத்த மாதம் 14ஆம் தேதி அங்கேயே கொல்லப்பட்டார். ஹவாய் மக்கள் குக்கை லோனோவாகக் கண்டார்கள் என்றார் மானிடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ். அது ஐரோப்பியர் தமக்குத் தாமே கட்டிக்கொண்ட புனைவு என்று இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1992இல் ஒரு நூலே எழுதி மறுத்தார். சாலின்ஸ் 1995இல் இன்னொரு நூலால் பதில் சொன்னார். மானிடவியலில் இத்தனை சூடாக நடந்த வழக்கு குறைவு. குக் தெய்வமா விருந்தாளியா என்ற கேள்விக்கு அப்பால், அந்த மாதங்களில் தீவைச் சுற்றித் திறை திரண்டது என்பதே நம் சொல்லுக்கு வேண்டிய செய்தி.

இனி மண் சொல்வதைக் கேட்கலாம்.

ஹவாய் என்றதும் நீர் நிறைந்த சேம்பு வயல்தான் படங்களில் வரும். லோஇ எனப்படும் அந்த வயல்கள் மழைமிகு பள்ளத்தாக்குகளுக்கு உரியவை. காவாய், ஒவாஹு, மொலோக்காய் போன்ற பழைய தீவுகளில் ஆறுகள் ஆழமாக அறுத்த பள்ளத்தாக்குகள் உண்டு, பாசனம் எளிது. ஹவாய்ப் பெருந்தீவும் மவுயியின் கிழக்குப் பகுதியும் வயதில் இளையவை. எரிமலைக் குழம்பு உறைந்த சரிவில் ஓடை பள்ளம் அறுக்கக் காலம் போதவில்லை. அங்கே மழையை நம்பிய புன்செய்தான், சர்க்கரைவள்ளிதான். ஆனால் அண்டைத் தீவுகளைப் படையெடுத்து விழுங்கிய மன்னர்கள் பெரும்பாலும் இந்த வறண்ட பக்கத்திலிருந்தே வந்தார்கள். எல்லாத் தீவுகளையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த கமேஹமேஹாவின் பிறந்த மண், ஹவாய்ப் பெருந்தீவின் கோஹாலா. நீர் வயல் ஆண்டு முழுக்கச் சோறு போடும். புன்செய் ஒரு நல்ல மழையில் நிறையக் கொடுத்து, அடுத்த ஆண்டு கைவிரிக்கும். மிகுதியைப் பன்றிக்குப் போட்டுப் பன்றியாகச் சேமிக்கலாம். பஞ்சம் வந்தால் அடுத்தவன் நிலத்தின்மேல் கண் போகும். கல்மேட்டுப் பன்றியின் பின்னாலிருந்த பொருளாதாரம் இதுதான்.

கோஹாலாவின் காற்றொதுக்குச் சரிவில் ஏறக்குறைய 60 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு அந்தப் புன்செய் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. கரும்புத் தோட்டக்காரர்கள் உழுத இடத்தில் எல்லாம் அழிந்தது. மாடு மேய விட்ட இடத்தில் தப்பித்தது. விமானத்திலிருந்து பார்த்தால் சரிவு முழுக்க நெருக்கமான கோடுகள். குறுக்கே ஓடுபவை மண்ணும் கல்லும் சேர்த்து எழுப்பிய தாழ்ந்த வரப்புச்சுவர்கள். அவற்றின்மேல் கரும்பு நட்டுக் காற்றைத் தடுத்தார்கள். மேலும் கீழுமாக ஓடுபவை நடைபாதைகள். ஓரங்களில் கல் அடுக்கியவை. அந்தப் பாதைகளில் பல, அஹுபுவாஅ எல்லைகள்.

இந்தச் சந்திப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் காலவரிசை கண்டவர்கள் தெய்ன் லேடஃபோகெட்டும் மைக்கேல் கிரேவ்சும். முறை எளியது, அதனாலேயே அழகு. ஒரு வரப்புச்சுவர் பாதையின் இந்தப் பக்கம் வந்து, அந்தப் பக்கமும் அதே நேர்கோட்டில் தொடர்ந்தால், சுவர் முந்தியது. பாதை பிறகு வந்து அதை அறுத்திருக்கிறது. பாதையின் இரு பக்கத்துச் சுவர்களும் ஒன்றோடொன்று சேராமல் விலகி நின்றால், பாதை முந்தியது. இரு பக்கத்து உழவர்களும் தனித்தனியாகப் பாதையில் கொண்டுவந்து முட்ட வைத்திருக்கிறார்கள். இப்படி ஒவ்வொரு சந்திப்பிலும் முன்னது எது, பின்னது எது என்று குறித்துக்கொண்டே போனால், முதலில் சில பெரிய எல்லைகள்தாம் இருந்தன, பிறகு அவற்றின் நடுவே புதிய எல்லைகள் விழுந்து நிலம் மெலிந்த பட்டைகளாகப் பிரிந்துகொண்டே போனது என்று தெரிகிறது. சுவருக்கடியில் கிடைத்த கரியின் காலக்கணிப்பு, இந்தப் பெருக்கம் ஏறக்குறைய 1400க்குப் பிறகான நான்கு நூற்றாண்டுகளுக்கு உரியது என்கிறது. ஹவாயில் மனிதர் குடியேறியதே சற்றேறக்குறைய 1000ஐ ஒட்டித்தான். முதல் சில நூற்றாண்டுகளில் இந்தச் சரிவை யாரும் பெரிதாகத் தொடவில்லை. தொட்டபிறகு விரைவாக நிரப்பினார்கள். நிரப்பியபின் துண்டு போட்டார்கள். ஒவ்வொரு புதிய எல்லையும் ஒரு புதிய கோனோஹிக்கி, ஒரு புதிய கல்மேடு, ஒரு புதிய திறைக் கணக்கு.

பீட்டர் விட்டூசெக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பட்டையின் விளிம்புகளை மண்ணின் வேதியியலால் விளக்கியது. கீழ் விளிம்பில் மழை போதாது. மேல் விளிம்பில் மழை அதிகம். ஆண்டாண்டுகளாகப் பெய்து மண்ணின் சத்தையெல்லாம் அரித்துக் கீழே கொண்டுபோய்விட்டது. நடுவில் ஒரு நீள்பட்டையில்தான் மழையும் சத்தும் ஒருங்கே கிடைத்தன. அளவைக் கருவியும் எழுத்தும் இல்லாத உழவர்கள் சரியாக அந்தப் பட்டையில் தொடங்கி, சரியாக அந்தப் பட்டையில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த அறிவுக்குத் தலைவணங்கத்தான் வேண்டும். வண்ணப்படத்தில் பொய் இல்லை என்று முன்பே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மவுயியின் தென்கிழக்கே கஹிக்கிநுயி என்ற வறண்ட சரிவு. அங்கே சிதைந்து கிடக்கும் கற்கோயில்களுக்கு ஹெயாவு என்று பெயர். கட்டும்போதும் வழிபடும்போதும் கடலிலிருந்து உயிருள்ள கிளைப்பவளம் பறித்து வந்து படைத்திருக்கிறார்கள். சில கிளைகள் சுவரின் உள்ளேயே புதைந்திருக்கின்றன. பவளம் வளரும்போது கடல்நீரின் யுரேனியத்தை உடலில் சேர்க்கும். தோரியம் அதில் இருக்காது. யுரேனியம் மெல்லச் சிதைந்து தோரியமாவதை அளந்தால் கிளை பறித்த ஆண்டைச் சில ஆண்டுப் பிழைக்குள் சொல்லிவிடலாம். கரிக்கணிப்பு தடுமாறும் நூற்றாண்டுகளில் இது பெரும் உதவி. கிர்ச்சும் வாரன் ஷார்ப்பும் 2005இல் வெளியிட்ட முடிவு எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. பல தலைமுறைகளில் ஒவ்வொன்றாக எழுந்திருக்கும் என்று நினைத்த கோயில்களில் பல, ஏறக்குறைய 1580 முதல் 1640 வரையிலான அறுபதே ஆண்டுகளுக்குள் எழுந்திருக்கின்றன. மவுயி ஒரே ஆட்சிக்குள் வந்ததாக மரபுரைகள் சொல்லும் காலத்தோடு இது ஒட்டி வருகிறது. அந்தக் கோயில்களில் சில, கார்த்திகை மீன் எழும் திசையைப் பார்த்து நிற்கின்றன. யாரோ ஓர் அரசு, குறுகிய காலத்தில், திட்டமிட்டு, திறை கேட்கும் தெய்வத்தை ஊரூராக நிறுத்தியிருக்கிறது.

மரபுரையும் தன் கணக்கைச் சொல்கிறது. சாமுவேல் கமாக்காவ் 1860களில் ஹவாய் மொழிச் செய்தித்தாள்களில் எழுதியவற்றில், ஒவாஹுவை மோக்கு, அஹுபுவாஅ, இலி என்று ஒழுங்காகப் பிரித்த பெருமை மாஇலிக்கூக்கஹி என்ற தலைவனுக்குத் தரப்படுகிறது. அதற்கு முன் எல்லைகள் குழம்பிக் கிடந்தனவாம். தலைமுறைகளை எண்ணினால் அவன் காலம் பதினைந்தாம் நூற்றாண்டை ஒட்டி வருகிறது. கோஹாலாவின் கரியும் அந்தப் பக்கமே கைகாட்டுகிறது. வாய்மொழிக்கு நாள் குறிக்கத் தெரியாது என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும்.

1819இல் கமேஹமேஹா இறந்தார். அவர் மகன் லிஹோலிஹோ பழைய கட்டுப்பாடுகளைக் கைவிட்டான். கோயில்களும் மக்கஹிக்கியும் ஓய்ந்தன. கல்மேட்டில் பன்றி வைப்பார் இல்லை. சொல் மட்டும் நின்றது. திறை வேறு வடிவம் எடுத்தது. 1840களின் சட்டங்களில் குடிகள் குறித்த ஒரு நாளில் தலைவனின் வயலில் உழைக்க வேண்டும். அந்த நாள் போஅலிமா, அதாவது ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை. உழைத்த வயலுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. கிர்ச்சும் சாலின்சும் ஒவாஹுவின் அனாஹுலு பள்ளத்தாக்கை ஆராய்ந்து 1992இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டபோது, அந்தக் கால நிலமனுக்களையும் சாட்சியங்களையும் கையில் வைத்துக்கொண்டு, எந்த வயல் யாருடையது, எது போஅலிமா என்று தரையிலேயே அடையாளம் கண்டார்கள். அங்கே மேல் பள்ளத்தாக்கின் பாசன வயல்கள் தொன்மையானவை என்று பார்ப்பவர் எண்ணுவார். அவை 1804இல் கமேஹமேஹாவின் படை வந்து தங்கியதற்குப் பிறகு வெட்டப்பட்டவை. பழைமையாகத் தெரிவதெல்லாம் பழையதில்லை.

1848இல் மாஹெலே வந்தது. பங்கீடு என்று பொருள். மன்னரும் தலைவர்களும் நிலத்தைத் தமக்குள் தனிச்சொத்தாகப் பிரித்துக்கொண்டார்கள். 1850இல் குடிகளுக்கும் தாம் உழுத துண்டைக் கேட்டுப் பெற வழி செய்தார்கள். மனு, சாட்சி, நில அளவைச் செலவு எல்லாம் தாண்டி அவர்கள் கைக்கு வந்தது மொத்த நிலத்தில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. தலைவர்களுக்கோ அஹுபுவாஅ முழுதும் வெறும் பெயரைச் சொல்லியே வழங்கப்பட்டது. அளக்கவில்லை, எல்லை எழுதவில்லை. பெயரைச் சொன்னால் ஊருக்கே எல்லை தெரியும் என்ற நம்பிக்கை. பத்திரம் கையில் வந்தபின் எல்லை எங்கே என்ற சண்டை வர, 1862இல் எல்லை ஆணையம் அமைத்தார்கள். மலைக்காட்டில் பறவை பிடித்த கிழவர்கள் சாட்சி சொல்ல வந்தார்கள். எங்கள் ஆட்கள் இந்த முகடு வரைக்கும் பறவை பிடித்தார்கள், அதைத் தாண்டினால் பக்கத்து நிலத்தார் பறித்துக்கொள்வார்கள் என்ற வகையில் அவர்கள் சொன்னவையே இன்றைய வரைபடக் கோடுகள்.

நிலஅளவையாளர் கர்டிஸ் லயன்ஸ் 1875இல் எழுதிய கட்டுரைகளும், 1879இல் புலேஹுநுயி எல்லை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும், அஹுபுவாஅ என்றால் கடலிலிருந்து மலை வரை என்ற வரையறையை நிலைநாட்டின. பள்ளிச் சுவரில் தொங்கும் வண்ணப்படத்தின் மூலம் இவைதாம். ஆனால் தரை இந்த வரையறைக்கு எப்போதும் அடங்கியதில்லை. சில நூறு ஏக்கரில் முடிந்தவை உண்டு; பல்லாயிரம் ஏக்கர் விரிந்தவை உண்டு. மலைவரை எட்டாதவை உண்டு. கஓஹே என்ற ஒரே அஹுபுவாஅ கடலோரத்தில் குறுகிக் கிளம்பி, மேலே போய் மவுனா கேயா மலையின் உச்சியையே வளைத்துக்கொண்டது. பக்கத்து அஹுபுவாஅக்கள் பாதி வழியில் நின்றுவிட்டன. ஓடையின் வடிநிலமும் அஹுபுவாஅவும் ஒன்றே என்று சொல்வது பல இடங்களில் பொருந்தாது. எல்லையைப் போட்டது நீர் மட்டும் இல்லை, ஆட்சியும் போட்டது.

1970களில் ஹவாய் மக்கள் தம் மொழியையும் வயலையும் கடற்பயணத்தையும் மீட்கப் புறப்பட்டபோது அஹுபுவாஅ மறுபிறப்பு எடுத்தது. தரிசாகக் கிடந்த லோஇகளில் மறுபடி சேம்பு நட்டார்கள். ஒவாஹுவின் சாலையோரங்களில் இன்ன அஹுபுவாஅ தொடங்குகிறது என்று பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. 1978இல் திருத்திய மாநில அரசியலமைப்பில், பன்னிரண்டாம் உறுப்பின் ஏழாம் பிரிவு, உணவுக்காகவும் பண்பாட்டுக்காகவும் சமயத்துக்காகவும் வழிவழியாகப் பயன்படுத்திய உரிமைகளை மாநிலம் காக்கும் என்கிறது. யாருடைய உரிமை? 1778க்கு முன் தீவுகளில் வாழ்ந்தவர்களின் வழிவந்த ‘அஹுபுவாஅக் குடிகளின்’ உரிமை. 1995இல் மாநில உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை வலுவாக நிலைநாட்டி, தனியார் நிலத்திலும் இவ்வுரிமைகள் அப்படியே அற்றுப்போவதில்லை என்றது.

திறை வசூலித்த கல்மேட்டின் பெயர், குடிகளின் உரிமையைச் சொல்லும் சட்டச் சொல்லாகிவிட்டது. சொற்களுக்கு இப்படியும் ஒரு நற்கதி உண்டு. அந்த உரிமையை வென்றவர்களுக்குப் பழைய அஹுபுவாஅவை ஒரு பொற்காலமாகக் காட்ட வேண்டிய தேவை இல்லை. கோஹாலாவின் பட்டையை மழைமானி இல்லாமல் அறிந்த உழவரையும், அவர் வளர்த்த பன்றியைக் கல்மேட்டில் இறக்கச் செய்த கோனோஹிக்கியையும் சேர்த்தே சொல்லலாம். பள்ளிச் சுவர்ப் படத்தை அடுத்து வரைபவர்கள் எல்லையோரத்தில் அந்தக் கல்மேட்டையும் செம்மண் பூசிய பன்றியுருவத்தையும் வரைந்து, அதன் முன்னே திறையைச் சுமந்து நிற்பவர்களையும் வரைய வேண்டும்.